நாற்பதாவது வளைவில் ஒரு நாய்

இதில் ஒரு நாய் வருகிறது. வந்ததும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். கொல்லிமலை ரோட்டில், நாற்பதாவது கொண்டை ஊசி வளைவில், கவிழ்ந்து கிடக்கிற ஒரு வண்டிக்குப் பக்கத்தில், கறுகறுவென்று, எதையோ மோப்பம் பிடிக்கிற மாதிரித் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் உட்கார்ந்த உடனே நாயைக் கொண்டா என்றால் எப்படி? தாரணியே இன்னும் அதைப் பார்க்கவில்லை. பதினேழு வயதுக்குள் ஊரில் பாதிப் பேர் குரலைத் தொண்டைக்குள் அடைத்து வைத்திருப்பவள், ஹெட்மாஸ்டர் மாதிரி பேசி ஒன்பதாம் வகுப்புக்கு அரைநாள் லீவு விட்டவள், கேஸ் கம்பெனிப் பெண் மாதிரி பேசி எதிர்வீட்டுக்காரரைக் கால்மணி நேரம் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வைத்தவள், அவள் இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குத்தவைத்து, துப்பட்டா முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, அப்பாவின் பைக் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தேய்கிறது. தேய்ந்துவிட்டது. இல்லை, இருக்கிறது. இல்லை, அது பால்காரர் வண்டி. மணி பத்து இருபது. பெங்களூர் ரயில் பன்னிரண்டு பத்துக்கு. அதுவரைக்கும் அப்பா ஏமாந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கீழே அம்மா கொடியிலிருந்து சேலையை உருவுகிற சத்தம். “அம்மா, துணியெல்லாம் எதுக்கு, மொதல்ல கெளம்புங்க.” “மாத்துச் சேலை ஒண்ணாச்சும் வேண்டாமா கண்ணு? கொழம்பு சட்டியில இருக்குது. மத்தியானத்துக்குச் சூடு பண்ணிக்க.” “நான் இங்க எங்கம்மா மத்தியானம் இருக்கப் போறேன்?” “அதுஞ் செரிதான்,” என்றாள் அம்மா, அடுப்பை ஒரு தடவை அணைத்துப் பார்த்தாள், ஏற்கனவே அணைந்திருந்த அடுப்பை. வண்டி நெளிசல் எடுக்கிற அப்பாவின் பட்டறை முன்னால், வீடு பின்னால். தெருவுக்குப் போக வேண்டுமென்றால் அப்பாவின் சுத்தியலைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்தச் சுத்தியல் இருபது வருஷமாக அங்கேயேதான் இருந்தது. இன்றைக்கு இல்லை. இன்றைக்கு அது பைக் பெட்டிக்குள் கொல்லிமலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

எவ்வளவு சுலபமாகப் போய்விட்டார்! கூடப் படிக்கிற ஜெனிபர் கொடுத்த சிம்மைப் பழைய போனில் போட்டு, இதே தொட்டிக்குப் பின்னால் இருந்துதான் கூப்பிட்டாள். “எவன்?” என்கிற சத்தம் கீழே பட்டறையிலிருந்து ஒரு தடவையும் காதுக்குள் ஒரு தடவையுமாக இரண்டாக வந்தது, இரண்டு அப்பா. பிறகு மூக்கு தானாகத் திறந்தது. பட்டறைக்கு வந்து போகிற பூபதி என்கிற லாரி கிளீனர், எதையும் மூக்கால் பேசுகிறவன், அவனே வந்து அவள் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டான். “ஏனுங்ண்ணா, பூபதிங்க, இது புது நம்பருங்க. உங்க குட்டியானைதானுங்க. கவுந்து கெடக்குதுங்ண்ணா. கொல்லிமலைங்க, நாப்பதாவது வளைவுங்க. டிரைவருக்கு உசுரு இருக்குதுங்க, பேச்சுதான் வரலீங்க. போட்டோ அனுப்பறனுங்க, பாருங்க.” டிரைவர் குழந்தைவேலுவைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எடப்பக்கம் அடியா, வலப்பக்கம் அடியா?” என்றார். ஊரெல்லாம் குட்டியானை என்று கூப்பிடுகிற அந்தச் சின்ன லோடு வண்டி அப்பாவுக்குச் சொந்தம், காலையில் அன்னாசிப்பழம் ஏற்ற மலைக்குப் போயிருக்கிறது, குழந்தைவேலு நன்றாகத்தான் இருப்பான், எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பான். அவன் போன் அணைந்திருக்கிறது. அணைக்க வைத்ததும் அவள்தான். விடிகாலையில் அப்பா குளிக்கப் போனபோது அப்பாவின் போனையே எடுத்து, அப்பாவின் குரலில்... அதை இப்போது நினைக்க வேண்டாம். வேறு எதையாவது நினை. பூபதியை நினை. எந்தக் குரலையும் பிடிப்பாள், அப்பாவின் குரலை மட்டும் விட்டுவிட்டாள் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பட்டறை வழியாக நடந்து போகிறாள், மேலேயிருந்து வகிடு மட்டும் தெரிகிறது, சுத்தியல் கிடக்கிற இடம் வந்ததும் இல்லாத சுத்தியலுக்குக் கொஞ்சம் விலகி நடக்கிறாள்.

அவள் முன்னால், மாடித் தரையில், துருப்பிடித்த போனெட் தகட்டின் மேல், போட்டோவில் போன கொல்லிமலை இருக்கிறது. கறுப்பு உப்புத்தாளை வளைத்து ஒட்டிய தார் ரோடு, சாக்பீஸால் வெள்ளைக்கோடு, ஓரத்தில் கூழாங்கல் தடுப்புச் சுவர், குளியலறைப் பின்சுவரில் சுரண்டியெடுத்த பாசி, பச்சைச் சாயத்தில் முக்கிய பஞ்சு மரங்கள். நடுவில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு குட்டியானை, பவுடர் டப்பாத் தகட்டில் வெட்டியது, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. ஆணி முனையால் தட்டித்தட்டி ஒவ்வொரு நெளிசலும் எடுத்தது. அடியில் சின்னதாக ஒரு ஆள், புளியங்கொட்டை உயரம், இடுப்புக்குக் கீழே வண்டிக்குள். கட்டுக்கம்பியில் எலும்பு, வண்டிக்குப் பூசுகிற பட்டியில் சதை, எல்லாம் அப்பாவின் பட்டறைச் சரக்கு. ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த மாதிரி முப்பத்திநாலு பேர் இருந்தார்கள். சோப்புக் கட்டியின் மேல் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு முகம் வழிப்பான். கவிழ்த்த டம்ளர்மேல் டீக்கடை, ஆவிக்குப் பஞ்சு. ஜாமெட்ரி பாக்ஸ் ஓரத்தில் ரேஷனுக்கு வரிசை. போனைத் தரையோடு தரையாக வைத்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவாள், இது எந்த ஊரு என்று கேட்பார்கள், உங்க தெருதான் என்பாள். எல்லாமே நல்ல படங்கள், ஆனால் எப்படியோ ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒருத்தன் கையை ஓங்கிக்கொண்டு நிற்பான். அவள் வைத்ததில்லை. கை வைத்துவிடும். டீக்கடைக்குப் பின்னால் நிற்பான், ரேஷன் வரிசையில் கடைசியில் நிற்பான். பொங்கலுக்கு முந்தின வாரம் தீப்பெட்டி மேல் ஒரு வீடு கட்டினாள். பெல்ட்டோடு ஒருத்தன், எதிரே தரையில் ஒருத்தி, அவள் கைவிரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிக்கொண்டிருக்கிற விரல்கள். அந்த ஸ்டேட்டஸை அப்பா பார்த்துவிட்டார். சாந்தமாக, ரொம்பச் சாந்தமாக, பட்டறைக்கல்லை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்தார். “ஒவ்வொண்ணா எடுத்து வையி. நான் போடப் போட நீ எண்ணு.” முகம் வழிப்பவன் ஒன்று. டீ ஆத்துகிறவன் இரண்டு. தகடு மாதிரி ஆனார்கள். பத்தொன்பதில் அவளுக்கு எண்ணிக்கை தவறியது. “தப்பா எண்ணினா மொதல்ல இருந்து எண்ணோணும்,” என்றார். முதலில் இருந்த ஆட்கள் அப்போது இல்லை, கல்லின் மேல் வெறும் தூள்தான், அந்தத் தூளை மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்தார். எல்லாரையும் கொன்றுவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பைத்தான் இன்றைக்குக் காப்பாற்ற வேண்டும். இப்படி ஒரு விளையாட்டு இந்த வீட்டில் இருந்தது என்பது அவருக்கு ஞாபகம் வராமல் இருக்க வேண்டும்.

போன் அதிர்கிறது. பத்து ஐம்பத்திரண்டு. அப்பா. மூக்கைத் திற, பூபதி. “சொல்லுங்ண்ணா.” “பெட்ரோல் போட நின்னேன். போட்டோவப் பாத்தன்டா. கதவுத்தூண் உள்ள மடங்கிருச்சு, தெரியுதா உனக்கு? கேபின் தலை கோணிருச்சு. கல்லுல தேச்சிட்டுப் போயித்தான் கவுந்திருக்கறான். நேராப் போயிருந்தா இந்த நெளிசல் வராது.” “அப்படிங்களாண்ணா.” “முப்பது வருசமா நெளிசல் எடுக்கறவன்டா நானு. எங்கிட்டயே...” என்னவோ சொல்ல வந்து விட்டுவிட்டார். “அவன எந்திரிக்க உடாத. அப்படியே கெடக்கட்டும். நான் வந்துதான் எழுப்போணும்.” குழந்தைவேலுவை எப்படி எழுப்புவார் என்று பைக் பெட்டிக்குள் இருக்கிற சுத்தியலுக்குத் தெரியும். போன் வைத்த பிறகு தாரணிக்குக் காது சூடாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சனியனே, பெருமையா? ஆமாம், பெருமைதான். அந்தக் கதவுத்தூணை மூன்று நாள் தட்டினாள். கல்லில் தேய்த்துக்கொண்டு போய்க் கவிழ்ந்தால் எந்தப் பக்கம் மடியும் என்று யாரிடம் கற்றுக்கொண்டாள்? ஏழு வயதில் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, நெளிசலுக்குள் விரலை வைக்கச் சொல்லி, “இங்க பாரு சாமி, இரும்பு எங்க அடி வாங்குச்சுன்னு அதுவே சொல்லும்” என்று காட்டிக் கொடுத்த விரல் அந்த மனுஷனுடையதுதான். குடிக்க வருகிற சிநேகிதர்களுக்கு நடுவில் அவளை நிறுத்தி, செங்கோடன் மாமா மாதிரி பேசு, டாக்டரம்மா மாதிரி பேசு என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்த மனுஷன். ஒரு நாள் சொன்னார், “என்னை மாதிரிப் பேசு பாக்கலாம்.” அவளுக்குப் பதினொரு வயது. யோசிக்கவேயில்லை. அடித்தொண்டையில் பாக்கு அடக்கிக்கொண்டு ஒரே வார்த்தை. “எண்ணுடி.” எல்லாரும் கையில் கிளாஸோடு நின்றார்கள். உள்ளே அம்மா கையிலிருந்து கரண்டி விழுந்தது. அப்பா முதலில் சிரித்தார். அப்புறம்தான் அறை விழுந்தது. இடது காதில் இன்றைக்கும் மழை நாளில் ஒரு ரீங்காரம் கேட்கும். இப்போதும் கேட்கிறது. மழையே இல்லை.

அம்மா ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாளா? முன்வாசல் வழியாகப் போகக் கூடாதென்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். ஸ்டேஷன் முன்னால் ஆட்டோ ஸ்டாண்டு, ஸ்டாண்டில் முதல் ஆட்டோவே செங்கோடன் மாமாவுடையது, அப்பாவின் பங்காளி. போன ஆடியில் அம்மா பஸ் ஏறினதைப் பார்த்துப் போன் போட்டவர் அவர்தான். எட்டே நிமிஷம், அப்பா வந்துவிட்டார். பஸ்ஸுக்குக் குறுக்கே பைக்கை விட்டு இறங்கி, படியில் ஏறி, அம்மாவின் முடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டு இறங்கினார், கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். கண்டக்டர் இறங்குகிறவர்கள் இறங்கியாச்சா என்று பார்த்துவிட்டு விசில் ஊதினார். அந்த விசிலையும் தாரணி நன்றாகவே ஊதுவாள், நாக்கை மடித்து, இரண்டு சின்னது, ஒரு நீளம். அன்றைக்கு ராத்திரி பெல்ட் விழ விழ அம்மா முப்பத்தியொன்று வரைக்கும் எண்ணினாள், இருபத்திநாலில் ஒரு தடவை தவறி, மொதல்ல இருந்து. எண்ணுகிறவளின் வலது மணிக்கட்டு ஐம்பத்தைந்தாவது அடியிலோ முப்பத்தியொன்றாவதிலோ, எப்படிக் கணக்குப் போட்டாலும், கடைசி அடியில் உடைந்தது. அதனால் இப்போது தூரம் முக்கியமில்லை. அப்பா அமெரிக்காவிலேயே இருந்தாலும் அவருக்குப் புரிந்துவிட்டால் ஒரே ஒரு போன் போதும், செங்கோடன் மாமா ரோட்டைத் தாண்டி நாற்பது அடி நடந்து பிளாட்பாரத்துக்குள் வந்துவிடுவார். அம்மா கூட்ஸ் ஷெட் பக்கமாகப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும், முக்காடு போட்டுக்கொண்டு. ஓசூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை, தங்க ஒரு அறை, அறைக்கு உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள். அம்மா அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் மூன்று தடவை கேட்டாள், சம்பளத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தாரணிக்கு வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை பாக்கி. அதுவரைக்கும் ஜெனிபர் வீடு. ஜெனிபரோட அம்மா போலீஸில் ஏட்டு, அவர் வீட்டு வாசலில் வந்து கத்துகிற தைரியம் அப்பாவுக்கு இல்லை. கீழே சைக்கிளில் பை கட்டியாகிவிட்டது. ரயில் நகர்ந்ததும் அம்மா பட்டன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அடுத்த நிமிஷம் மிதி.

பதினொன்று இருபத்தைந்து. மறுபடி அப்பா. பின்னால் காற்று, லாரி ஹாரன். “மலையடிவாரம் வந்துட்டேன். டேய், ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். வண்டிக்கு முன்னால ஒரு நாயி நிக்குதே, அதும் குறுக்க வந்துதான் இவன் ஒடிச்சானா?” நாயா? “எந்த நாயிங்ண்ணா?” “போட்டோவுல நிக்குதேடா, கறுப்பா. கண்ணு தெரியாதா உனக்கு?” தாரணி இன்னொரு போனில் படத்தைத் திறக்கிறாள். ரோடு, கோடு, வண்டி, வண்டியடியில் எண்ணெய் வழிந்த மாதிரி கறுப்பாக ஒரு பளபளப்பு. நாயே வைக்கவில்லையே. விரல் இரண்டையும் வைத்துப் பெரிதாக்குகிறாள். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, அந்த உலகத்துச் சாணில் ஒரு சாண், கறுப்பாக, தலையை நீட்டிக்கொண்டு, எண்ணெயை மோப்பம் பிடிக்கிற மாதிரி... இன்னும் பெரிதாக்கு. இன்னும். அய்யோ. கட்டெறும்பு. எண்ணெய் பளபளக்க வேண்டுமென்று கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊற்றியது அவள்தானே! மூக்கு வேர்க்கப் படம் பிடித்தபோது அது எங்கிருந்து வந்து போஸ் கொடுத்ததோ, எறும்பு மகராசன், குட்டியானைக்குப் பக்கத்தில் சரியாக ஒரு நாட்டுநாய் உசரம், சரியாக ஒரு நாட்டுநாய் நீளம். சிரிப்பு மூக்கு வழியாகக் கிளம்புகிறது, அதே மூக்கு வழியாகத்தான் பூபதியும் பேச வேண்டும், இரண்டும் நடுவில் முட்டிக்கொள்கின்றன. தொடையைக் கிள்ளுகிறாள், நகம் இறங்குகிறது, ரத்தம். “ஆமாங்ண்ணா. நாயிதானுங்க. குறுக்க வந்துருச்சாமுங்க.” “அதச் சொல்லு. அந்த நாயி இருந்தா அங்கயே புடிச்சுக் கட்டி வையி.” “எதுக்குங்ண்ணா?” “வந்து சொல்றேன் எதுக்குன்னு.” வைத்துவிட்டார். போன மாதம் அம்மாவின் தலையைப் பார்த்து எறிந்து சுவரில் பட்ட போன் அது, திரையில் குறுக்கே ஒரு கீறல் ஓடும். படத்தில் எங்கே ஓடுகிறது? நாயின் காலுக்கு மேலாகத்தான் ஓட வேண்டும், இல்லையென்றால் இதற்குள் எண்ணியிருப்பார். அம்மா மட்டும் அன்றைக்குத் தலையைக் குனியாமல் இருந்திருந்தால் போன் உடைந்திருக்காது. அந்த மனுஷன் முப்பது வருஷமாக நெளிசல் பார்க்கிறவன், ஒரு வண்டியைக் காட்டினால் நெளிசலைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான், அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும். ஆனால் நெளிசல் பார்த்து முடிந்துவிட்டது. இனிமேல் பார்க்க மீதி இருப்பது நாய் மட்டும்தான்.

மலையில் ஏறிவிட்டால் பாதி வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. அந்த அரைமணி நேரம் நிம்மதி என்று கணக்குப் போட்டிருந்தாள், நிம்மதி வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பாவோடு சேர்ந்து சாய்கிறாள். ஒன்பது. பத்து. ஒரு வளைவில் நிறுத்தி வாய் கொப்பளிப்பார், போனை எடுப்பார், நாயைப் பெரிதாக்குவார். பதினாலு. இல்லை, நிறுத்த மாட்டார். பதினைந்து. ஒரு வளைவில் பைக் வழுக்கிவிடட்டுமே, கூழாங்கல் சுவரைத் தாண்டி, பஞ்சு மரங்களுக்கு மேலாக, சுத்தியல் தனியாக ஆள் தனியாக, இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு ஆழத்துக்கு, டம் டம் டம் என்று, எண்ணிக்கொண்டே விழட்டும், தவறினால் மொதல்ல இருந்து விழட்டும். கையில் என்ன? கட்டுக்கம்பி ஆள். நீல லுங்கி கட்டி, சுத்தியலும் வைத்து, யாருக்கும் காட்டாமல் செய்து ஒளித்து வைத்திருந்தவன், எப்போது சுடிதார்ப் பையிலிருந்து எடுத்தாள் என்றே தெரியவில்லை. ஒரு கையைப் பிய்த்தாயிற்று. நகவெட்டியை எடுத்துக் கழுத்தில் வைக்கிறாள். ஒரு அழுத்து. தலை தெறித்துத் தொட்டிக்கு அடியில் எங்கோ போய்விட்டது. தேடுகிறாள். தலையைத் தேடி எதற்கு? தேடுகிறாள். காலையில் குழந்தைவேலுவைக் கூப்பிட்டபோதும் இப்படித்தான் இருந்தது. பாக்கு அடக்குகிற இடத்தில் நாக்கை வைத்தாள், அவ்வளவுதான், மீதியெல்லாம் தானாக வந்தது. “டேய். மத்தியானம் வரைக்கும் போனை ஆஃப் பண்ணிப் போடு.” “எதுக்குங்க மொதலாளி?” “எதுக்குன்னு கேப்பியா? கேப்பியாடா நாயே? வந்து மண்டையப் பொளக்கட்டுமா?” “இல்லீங்க, இல்லீங்க மொதலாளி.” காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான், சொல்லாததால்தான் நம்பினான். அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு நிமிஷம் திட்டினாள், தேவையே இல்லாமல், அவன் பெண்டாட்டியை இழுத்து, அவன் அம்மாவை இழுத்து, அந்தப் பக்கம் அந்த ஆள் மூச்சு விடுகிறது நடுங்கியது, அந்த நடுக்கம் காதுக்கு இதமாக இருந்தது, வெந்நீர் மாதிரி. பூபதி வருவான், பேசுவான், போய்விடுவான். இந்தக் குரல் மட்டும் போகவில்லை. காலையிலிருந்து எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் பாக்கு இருக்கிறது.

சொந்தப் போன் அதிர்ந்ததும் மிதி என்று எழுந்தேவிட்டாள். மிஸ்டு கால் இல்லை, அம்மா பேசுகிறாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. “கண்ணு, வண்டி இருவது நிமிசம் லேட்டாமா. மைக்குல சொல்றாங்க. திரும்பி வந்துரட்டுமா?” “அம்மா! அங்கயே இருங்க.” “அவரு எங்க இருக்கறாரு?” “மலைமேல. ஒரு நாயப் பாக்கப் போயிருக்கறாரு.” “நாயா?” “அப்புறம் சொல்றேன், சிரிப்பீங்க.” “செங்கோடன் ஆட்டோ பாதிப் பிளாட்பாரம் வரைக்கும் தெரியுது கண்ணு. இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்குது.” “அவருக்கு நாலடிக்கு மேல கண்ணு தெரியாதும்மா. யாராச்சும் சொன்னாத்தான் பாப்பாரு.” சொல்லிவிட்டாள். யாராச்சும் என்பது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கீழே தகட்டில் கொல்லிமலை கலைந்துகொண்டிருக்கிறது. ஒற்றை நாய் இப்போது ஊர் நாய்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது, கருப்பட்டி எண்ணெயைச் சுற்றி இருபது முப்பது, வண்டியடி ஆளின் முகத்தில் நாலைந்து, மூக்கு இருக்கிற இடத்தைக் கிண்டுகின்றன. துரத்தலாம். துரத்தவில்லை. தின்னட்டும். குழந்தைவேலு முகமாக வரைந்தது, இப்போது பார்த்தால் யார் முகமாக வேண்டுமானாலும் இருக்கிறது.

பன்னிரண்டு எட்டு. நாற்பதாவது வளைவு. “எங்கடா?” கத்தவில்லை, மேல்மூச்சு. “இங்க ஒண்ணுமே இல்லியேடா. கொரங்குதான் உக்காந்திருக்குது.” “போலீசு வந்து வண்டியத் தூக்கிட்டாங்கண்ணா. மேடம் பேசோணுமாம், இருங்க.” போனைத் தள்ளிப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, ஜெனிபரோட அம்மா ஆகிறாள். பெரிய உடம்பு, சின்ன வார்த்தை. “யோவ். ஓனரா?” “வணக்கமுங்க மேடம்.” அடேயப்பா! இந்த வணக்கத்தை இந்த ஜென்மத்தில் கேட்டதே இல்லை. “வண்டி பேப்பரெல்லாம் இருக்கா?” “இருக்குதுங்க மேடம், வீட்டுல இருக்குதுங்க, நம்ம சம்சாரம் எடுத்து...” “சம்சாரம் கெடக்கட்டும். எங்க நிக்கற?” “டீக்கடைகிட்டங்க.” “அங்கயே நில்லு. ஜீப்பு வரும். யாருக்கும் போன் போடாத. நான் கூப்புடும்போது லைன் பிஸின்னு வந்துச்சுன்னா, அப்புறம் பேச்சு வேற மாதிரி இருக்கும்.” “செரிங்க மேடம். நிக்கறனுங்க மேடம்.” வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குனிந்து நிற்பார். நிற்கட்டும். இருபத்தியிரண்டு நிமிஷம் நின்றால் போதும். பத்து நிமிஷம் ஆகிறது. பதினைந்து. தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை எண்ணுகிறாள், பத்தொன்பதில் தவறுகிறது, கை தன்னால் மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறது. பதினெட்டு நிமிஷம். அம்மா, ஏறுங்கம்மா. ரயிலே, வந்து தொலையேன்.

பன்னிரண்டு இருபத்தொன்பது. போன். அப்பா. “பூபதி.” மெதுவாக. ரொம்பச் சாந்தமாக. பட்டறைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இருந்த குரல். “சொல்லுங்ண்ணா.” “இங்க டீக்கடை அம்மணி காத்தால இருந்து இங்கயேதான் இருக்குதாமா. ஒரு வண்டியும் கவுரலீங்குது.” “அவங்களுக்கு என்னங்ண்ணா தெரியும்.” “அதான் போட்டோவக் காட்டினேன். கீறல்ல எனக்குச் செரியாத் தெரியல. அம்மணி ஒண்ணு சொல்லுது.” பின்னால் ஒரு பொம்பளைக் குரல், டம்ளர் கழுவிக்கொண்டே, யாருக்கு என்ன போச்சு என்கிற குரல், இன்னொரு நாள் என்றால் தாரணி அதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டிருப்பாள்: “அது நாயே இல்லீங்ண்ணா. காலு அதிகமாட்ட இருக்குதுங்க. நீங்களே எண்ணிப் பாருங்க.” பூபதி வாயைத் திறக்கிறான். மூக்கு அடைத்துவிட்டது. அந்தப் பக்கம் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போகிற சத்தம். “இந்தப் பக்கம் ஒண்ணு,” என்றார் அப்பா. அதே எண்ணுகிற குரல். தாரணியின் முதுகு தானாக வளைந்துகொண்டது, அடி விழப்போகிற முதுகு. “ரெண்டு.” வை. போனை வைத்துவிடு. வைத்தால் அடுத்த கால் செங்கோடனுக்கு. வைக்காதே, எண்ணட்டும், எண்ணுகிற வரைக்கும் வேறு யாரையும் கூப்பிட மாட்டார். “மூணு. இந்தப் பக்கமே மூணு.” கீறலின் மேல் விரல் உரசுகிற சத்தம் கேட்கிறது. கொஞ்சம் மெதுவாப்பா. நல்லாப் பாத்து எண்ணுங்கப்பா, தப்பா எண்ணிராதீங்க. “அந்தப் பக்கம்... நாலு.” டம்ளர்கள். குரங்கு ஒன்று கத்துகிறது. “அஞ்சு.” அப்போது தரையில் கிடந்த இன்னொரு போன், சொந்தப் போன், சிமெண்டின் மேல் நடுங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது. ஒரே ஒரு தடவை. அம்மா. ரயில் நகர்ந்துவிட்டது.

அப்பா ஐந்திலேயே நின்றுகொண்டிருந்தார். கீறல் மறைக்கிறதோ என்னவோ. காலையிலிருந்து மூக்கில் இருந்தவனும் தொண்டையில் இருந்தவரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை, வாய் வெறுமனே கிடந்தது, சிரிப்பு மட்டும் அடிவயிற்றிலிருந்து ஏறி ஏறி வந்தது, கண்ணில் தண்ணீர் முட்ட.

“இன்னொண்ணு இருக்குதுப்பா,” என்றாள் தாரணி. “தப்பா எண்ணினா மொதல்ல இருந்து எண்ணோணும்.”

மலையில் காற்று அடிக்கிற சத்தம். ஜீப்பு எதுவும் வரவில்லை.

“தாரணீ?” என்றார் அப்பா.